சோப்புப்பெட்டியின் காய்ச்சல்

"இந்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டி வழியில எங்கயும் நிக்காது. மலை ஏறி, மலை இறங்கி, நம்ம பொண்ணு வீட்டு வாசல்லதான் நிக்கும்!"

மாஸ்டர் இப்படிச் சபதம் செய்தார். சும்மா செய்யவில்லை. சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டிச் செய்தார். தட்டிய இடத்தில் வெண்ணெய் இருந்தது.

மாஸ்டரம்மா ஈரத்துணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"போன ஞாயிறும் இதையேதான் சொன்னீங்க."

"போன ஞாயிறு தட்டினது வேற இடம்."

"ஆமா. போன ஞாயிறு ஜாம்."

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். அந்த ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினார்கள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனைவி கேட்டபோதெல்லாம், "உனக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல?" என்பார். கேட்டுக் கேட்டு அந்த அம்மாளும் விட்டுவிட்டார். தெருவே அவரை மாஸ்டரம்மா என்று கூப்பிட்டது. ஆனால் ஸ்டியரிங்கைத் துணியால் துடைப்பதற்கு மேல் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஓய்வு பெற்றபோது மாஸ்டர் பயிற்சி வண்டிகளை விற்றுவிட்டார். மிச்சம் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய சின்னஞ்சிறு கார். வட்ட விளக்கு, உருண்ட முதுகு. நாலு பேர் ஏறினால் எட்டு முழங்கால்களும் தாடையில் இடிக்கும். தெருவில் அதற்குச் சோப்புப்பெட்டி என்று பெயர்.

அந்தச் சோப்புப்பெட்டிக்குத்தான் இப்போது காய்ச்சல்.

மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீடு. அங்கே ஒரு பேத்தி, மாதம் நிறையாமல் பிறந்தவள். கொஞ்சம் தேறும்வரை குழந்தையை வெளியே எங்கும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "ரெண்டு பேரும் பஸ்ல வந்துட்டுப் போங்கப்பா" என்று மகள் போனில் கெஞ்சினாள்.

"பஸ்ஸா? நானா? என் பேத்தியைப் பாக்க நானே வண்டி ஓட்டிட்டு வருவேன். மூட்டை மாதிரி வந்து இறங்க மாட்டேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. ஞாயிறுதோறும் புறப்பட்டார்கள். ஞாயிறுதோறும், ஊர் எல்லையில் விளையாட்டு மைதானத்து வளைவு வருவதற்குச் சற்று முன்னால், எஞ்சின் சூடேறிவிடும். அரை மணி ஆறவைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். பேத்தி அந்தப் பக்கத்தில் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இனி மாஸ்டரின் இரகசியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த இரகசியம்.

அவர் கண்ணின் நடுப்பகுதி அணைந்துகொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும். மரங்கள், விளக்குக் கம்பங்கள், சாலையின் இரு விளிம்புகள் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாரோ, அது இருக்கும் இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண் டாக்டரிடம் தனியாகப் போனார். "இது பெருசாகிட்டேதான் போகும். கார் ஓட்டறதை இன்னியோட விட்டுடுங்க" என்றார் டாக்டர். மாஸ்டர் வீட்டுக்கு வந்து, "கண்ணு பளிங்கு மாதிரி இருக்காம்!" என்றார். சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே முகம் இல்லை. கறை இருந்தது.

அந்தக் கறை இன்னும் பெரிதாவதற்குள் ஒரு தடவை, ஓரக்கண்ணாலாவது, பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் சாவி போய்விடும். சாவி போனால் மாஸ்டர் என்ற பெயரில் என்ன மிச்சம்?

ஆகவே நடித்தார். நன்றாக நடிப்பதாகவும் நம்பினார். மனைவியைப் பார்த்து, "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு" என்பார். அந்த அம்மாள் பழுப்பு நிறத்தில் உடுத்தியிருப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த மழைக்கோட்டுக்குக் கையை உயர்த்தி, "என்ன டாக்டர், காலையிலேயே தோட்ட வேலையா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். மழைக்கோட்டு பதில் சொல்லவில்லை.

"படிச்ச திமிரு. வாயைத் திறக்கறானா பாரு" என்றார் மாஸ்டர்.

"அடுத்தவங்க வாயைத் திறந்து பாத்தே அவருக்கு அலுத்திருக்கும்" என்றார் மாஸ்டரம்மா. சொல்லிவிட்டு மழைக்கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சோப்புப்பெட்டியில் ஒரு வசதி உண்டு. எஞ்சின் சூட்டைக் காட்டும் வட்ட முள்மானி, இரண்டு இருக்கைகளுக்கும் பொதுவாக, நட்டநடுவில் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் முள் இடப்பக்கம் படுத்திருக்கும். அளவான சூட்டில் நிமிர்ந்து நடுவில் நிற்கும். மிஞ்சினால் வலப்பக்கம் சாய்ந்து சிவப்புப் பட்டையைத் தொடும். மாஸ்டருக்கு அந்த முள் தெரியவில்லை. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்.

"நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நீ சும்மாதானே உக்காந்திருக்கே? முள் எங்க நிக்குதுன்னு பாத்துப் பாத்துச் சொல்லு."

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"நடுவுல இருந்தா நடுவுலன்னு சொல்லு. சிவப்புக்கு வந்தா சிவப்புன்னு சொல்லு. இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

மனைவிக்குச் சந்தேகமே வரவில்லை என்று அன்றைக்கு அவருக்குத் தாங்காத மகிழ்ச்சி. மனைவி முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மைதானத்து வளைவு வந்தது. அதைத் தாண்டியதும் மனைவி தலை சுற்றுகிறது என்றார், வண்டி வீட்டுக்குத் திரும்பியது. அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்துதான் காய்ச்சல் ஆரம்பம்.

"ஏங்க, சிவப்பு! சிவப்புக்கு வந்துடுச்சு!"

மாஸ்டர் ஓரம் கட்டினார். மூக்கை உறிஞ்சினார். எரிந்த வாடை இல்லை. காதைத் தீட்டினார். கொதிக்கும் சத்தம் இல்லை. சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. வெந்நீர் முகத்தில் பீறிடும். ஆகவே ஆறும்வரை காத்திருந்து, கனத்த துணியைப் போட்டு மெல்லத் திருகினார். உள்ளே தண்ணீர் விளிம்பு வரை அமைதியாகக் கிடந்தது.

"ஒரு சொட்டுகூடக் குறையலையே! கொதிக்கவே இல்லையே!"

"உள்ளுக்குள்ளயே கொதிக்குதோ என்னவோ" என்றார் மாஸ்டரம்மா. "சிலது அப்படித்தான். வெளியில தெரியாது."

மாஸ்டர் வைத்தியத்தில் இறங்கினார். எஞ்சினைக் குளிர வைப்பது பெரிய மாயமில்லை. தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கும். ரேடியேட்டருக்கு வந்து அதைக் காற்றுக்குக் கொடுக்கும். மறுபடியும் ஓடும். இந்தச் சுற்றில் எங்கோ ஒரு தடை. எங்கே?

முதலில் மூடி. புதிது வாங்கி மாட்டினார். ஞாயிறு: "சிவப்புங்க!"

அடுத்தது ஃபேன் பெல்ட். விரலால் அழுத்தினார், தொளதொளத்தது. இழுத்துக் கட்டினார். ஞாயிறு: "சிவப்புங்க!"

அதற்கடுத்து தெர்மோஸ்டாட். தண்ணீர் சூடேறும்வரை பாதையை அடைத்து வைத்திருக்கும் குட்டிக் கதவு அது. அதைக் கழற்றி, சமையலறையின் நல்ல பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தார். திறக்கிறதா என்று இடுக்கியால் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க வேகுது அடுப்புல?"

"தெர்மோஸ்டாட்."

"உப்பு போட்டீங்களா?"

தெர்மோஸ்டாட் திறந்தது. பாத்திரம்தான் அதற்குப் பிறகு சமையலுக்கு ஆகவில்லை. ஞாயிறு: "சிவப்புங்க!"

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சினார். துருத் தண்ணீர் மாஸ்டரம்மாவின் ரோஜாச் செடிகளுக்குப் போயிற்று. ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்திருந்த பூச்சிகளைப் பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். அது யாருடைய பிரஷ் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. தண்ணீரைத் தள்ளும் பம்பைக் கையால் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. ஞாயிறு மட்டும் மாறவில்லை.

வேலிக்கு மேல் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். இந்த முறை மழைக்கோட்டு அல்ல, மனிதர்தான்.

"மாஸ்டர், எங்க தொழில்லயும் இப்படி நடக்கும். பல்லுல ஒண்ணுமே இருக்காது. ஆனா வலிக்குதுன்னு சொல்லுவாங்க."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"யாருக்கு வலிக்குதுன்னு விசாரிப்பேன்."

"பல் டாக்டர்கிட்ட கார் வைத்தியம் கேட்டேன் பாரு" என்று முனகிக்கொண்டே மாஸ்டர் உள்ளே போனார்.

உள்ளே மாஸ்டரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முதுகு வலிக்கென்று கொஞ்ச நாளாக உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். முதுகு தேவலை. இடது கால்தான் விண்விண்ணென்று தெறித்தது.

"அது என்ன பயிற்சி, ஒரு காலுக்கு மட்டும்?"

"கடுமையான பயிற்சிங்க. அழுத்தணும், விடணும். அழுத்தணும், மெதுவா விடணும்."

மாஸ்டர் தைலத்தை எடுத்து அந்த இடது காலைத் தேய்த்துவிட்டார். பாவம், இந்த வயதில் எனக்காக எவ்வளவு ஓடிய கால் என்று நினைத்தார். அவரிடம் படித்த நூற்றுக்கணக்கான பேர் முதல் மாதம் இதே காலைப் பிடித்துக்கொண்டு இதே இடத்தில் வலிக்கிறது என்று அழுதவர்கள். அது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தண்ணீர் பொய் சொல்லாது. மூக்கும் காதும் பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்வது முள்மானிதான்!

மனைவி வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து முள்மானியின் கண்ணாடியைக் கழற்றினார். எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று முள்மானி வரை ஓடுகிறது. சூட்டை உணர்வது அதன் எஞ்சின் பக்கத்து நுனி. அந்த நுனியை உருவி, பாழாய்ப்போன அதே பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் முக்கினார். பிறகு இருக்கையில் போய் உட்கார்ந்து, ஒற்றை விரலால் முள்ளைத் தொட்டார். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரிந்தது. மெல்ல நிமிர்ந்தது. நகர்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. நுனியைப் பச்சைத் தண்ணீரில் முக்கினார். முள் திரும்பி வந்து இடப்பக்கம் படுத்துக்கொண்டது.

முள்மானியும் பொய் சொல்லவில்லை.

மாஸ்டர் வெந்நீரைக் கீழே கொட்டினார். நுனியைத் திரும்ப எஞ்சினில் பொருத்தினார். கண்ணாடியை மட்டும் மாட்டவில்லை. எதற்கு என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிறு வந்தது. வெண்ணெயைத் தட்டிச் சபதமும் முடிந்தது. சோப்புப்பெட்டி புறப்பட்டது. மைதானத்துப் பிள்ளைகளின் கூச்சல் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது.

"ஏங்க, சிவப்புக்கு வந்துடுச்சுங்க!"

மாஸ்டர் கையை நீட்டி முள்ளைத் தொட்டார்.

முள் நடுவில் நின்றது. நிமிர்ந்து, அசையாமல், ஒழுங்காக நின்றது.

விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "எங்க சிவப்பு?" என்று கேட்டுவிடலாம். கேட்டால், "ஏன், உங்களுக்குத் தெரியலையா?" என்று பதில் வரும். ஒரே ஒரு வாக்கியம்தான். அதைக் கேட்கும் தெம்பு அவரிடம் இல்லை.

"ஆமா" என்றார். "சிவப்புதான்."

ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். மாஸ்டரம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். கோப்பையை நீட்டவில்லை. அவர் கையைப் பிடித்து, விரல்களைக் கோப்பையைச் சுற்றி மடக்கி வைத்தார். யோசித்துப் பார்த்தால், கொஞ்ச காலமாகவே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"மழைக்கோட்டுக்கு வணக்கம் சொன்னீங்களே. அப்பலேருந்து."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். முள்ளைப் பாத்துச் சொல்லுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்குதான் சொல்ல வர்றீங்கன்னு நெனைச்சேன். நீங்க அதையும் தந்திரமாக்கிட்டீங்க."

மாஸ்டர் டீயைக் குடிக்கவில்லை. "அப்படியே விட்டிருந்தா மெதுவா ஓட்டிட்டுப் போயிருப்பேன். இந்த ரோடு எனக்கு மனப்பாடம்."

"முதல் ஞாயிறு இந்த வளைவுல ஒரு பந்து உருண்டு வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"பின்னாலயே ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு. இவ்வளவு உயரம்தான். சிவப்பு ரிப்பன். நம்ம வண்டிக்கு நேர் முன்னால." மாஸ்டரம்மாவின் குரல் கீழே இறங்கியது. "நீங்க பிரேக்கே போடலை. அதுவா பின்னால குதிச்சுது. நீங்க ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஓட்டிட்டு வந்தீங்க."

மைதானத்தில் யாரோ பந்தை உதைத்தார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். மாஸ்டர் சாலையைப் பார்த்தார். விளிம்புகள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் ஒரு ரிப்பன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். பிரேக், பிரேக் என்று ஆயுள் முழுக்க ஊராரிடம் கத்தியவர் அவர். கோப்பையை மனைவி பக்கம் நீட்டினார். மாஸ்டரம்மா அதை வாங்கி வைத்தார்.

"அந்தப் பொண்ணு..."

"நல்லா இருக்கு. வாரா வாரம் இங்க நிக்கிறப்ப எண்ணிப் பாத்துக்குவேன். அதோ, ஆடிக்கிட்டு இருக்கு."

மாஸ்டர் சாவியை உருவினார். அது இருக்கும் இடம் அவர் விரலுக்கு எப்போதும் தெரியும். மனைவியின் உள்ளங்கையைத் தேடி அதில் வைத்தார்.

"எடுத்துக்கோ. வித்துடு. பஸ்லயே போயிட்டு வரலாம். போயி மட்டும் என்ன? குழந்தை முகத்தை நேராப் பாத்தா எனக்கு அங்க ஒண்ணும் இருக்காது. ஓரமா, திருட்டுப் பார்வைதான் பாக்கணும்."

"ஓரமாவே பாருங்க. என்னையும் அப்படித்தானே பாக்கறீங்க? முதல்ல எம்மேல ஏதோ கோவம்னு நெனைச்சேன்."

மாஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய பிறகுதான் மனைவியின் முகம் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஈரமாக இருந்தது.

அந்த முகம் மறைந்தது. கதவு திறந்து மூடும் சத்தம். வண்டியைச் சுற்றிக் காலடிகள். அவர் பக்கத்துக் கதவு திறந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க."

"எதுக்கு? என்ன பண்ணப் போறே?"

"பேத்தியைப் பாக்கப் போறேன்."

"யாரு ஓட்டறது?"

"இடது கால் வலின்னு சும்மாவா தைலம் தேய்ச்சீங்க? லைசென்ஸ் வந்துடுச்சுங்க. அது கைக்கு வர்றவரைக்கும் வண்டிக்குக் காய்ச்சல் விடக் கூடாதேன்னுதான் எனக்குக் கவலை."

மாஸ்டர் நகர்ந்தார். வாய் மூட மறந்திருந்தது. "யாரு... யாரு கத்துக்கொடுத்தா?"

"ஹாரன்."

கண் டாக்டர் சொன்னதுகூட இப்படி வலிக்கவில்லை. ஹாரன் என்பது ஒரு பழைய மாணவிக்கு அவர் வைத்த பட்டப்பெயர். குப்பைத் தொட்டிக்குக்கூட ஹாரன் அடித்தவள். அவர் கடையை மூடியதும் பக்கத்துத் தெருவில் ஓட்டுநர் பள்ளி தொடங்கியவள்.

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?"

"உனக்கு எதுக்கு, அதான் நான் இருக்கேன்லன்னு அவ மட்டும்தாங்க சொல்லலை."

சோப்புப்பெட்டி கிளம்பியது. ஒரு குதிகூடக் குதிக்காமல் கிளம்பியது. அதுவும் மாஸ்டருக்கு வலித்தது. பக்கத்து இருக்கை அவருக்குப் பழகியதுதான். ஆயுளில் பாதியை அங்கேதான் கழித்தார். ஆனால் பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இதில் இல்லை. அவர் கால் வெறும் தரையை மிதித்து மிதித்துத் தேடியது. மைதானத்து வளைவில் மாஸ்டரம்மா நின்றார், இரு பக்கமும் பார்த்தார், ஹாரன் அடித்தார், யாரும் இல்லாததற்கு இன்னொரு தடவை அடித்தார், தாண்டினார். பிள்ளைகளின் கூச்சல் பின்னால் போயிற்று. இத்தனை ஞாயிறுகளில் முதல் தடவையாக முன்னால் மலை வந்தது.

மலையில் பாதி தூரத்தில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டரம்மா கியரைக் குறைத்து, சிக்னல் போட்டு, அதை முந்த ஆரம்பித்தார். மாஸ்டரின் கால் தரையை ஓட்டைபோடப் பார்த்தது. பயம் என்று சொல்லக் கௌரவம் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மானியின் பக்கம் கழுத்தை வளைத்து, மாஸ்டர் குரலில் சொன்னார்:

"முள் சிவப்புக்கு வந்துடுச்சு. ஓரம் கட்டு."

மாஸ்டரம்மா மானியை ஒரு பார்வை பார்த்தார். லாரியைத் தாண்டினார். பிறகு, குழந்தையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்:

"நடுவுலதாங்க இருக்கு. எனக்குக் கண்ணு தெரியும்."